ஒவ்வொரு ஜாப்புக்கும் ஆஃப்செட் மாற்றலாமா? பட்டறைக் கேள்வி பதில்

எங்கள் சிஎன்சி லேத்தில் 25 மி.மீ. ஷாஃப்ட் ஓடுகிறது. டிராயிங்கில் 24.979 முதல் 25.000 வரை கொடுத்திருக்கிறார்கள். ஆபரேட்டர் கவனமானவர். ஒவ்வொரு ஜாப்பையும் (கடைந்த உருப்படியையும்) அளந்து, நடு அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை அப்படியே ஆஃப்செட்டில் (டூல் நிற்கும் இடத்தை நகர்த்தும் எண்ணில்) திருத்திவிட்டுத்தான் அடுத்ததைப் போடுகிறார். அப்படியும் ரிஜெக்‌ஷன் குறையவில்லை. மெஷின் தேய்ந்துவிட்டதா?
– வாசகர், கணபதி, கோவை

மெஷினைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு நாள் அந்தத் திருத்தத்தை நிறுத்திப் பாருங்கள். ரிஜெக்‌ஷனில் பெரும்பங்கு அதிலிருந்தே வரலாம்.

எந்த மெஷினும் அடுத்தடுத்த இரண்டு ஜாப்பை ஒரே அளவில் தராது. எதையும் தொடாமல் ஓடவிட்டாலும் அளவு நடுப்புள்ளியைச் சுற்றி மேலும் கீழும் ஆடும். உங்கள் மெஷினின் இயல்பான ஆட்டம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், 3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது 0.001 மி.மீ.) என்று வைத்துக்கொள்வோம். அனேகமாக எல்லா ஜாப்பும் நடுவிலிருந்து இருபுறமும் 9 மைக்ரானுக்குள், மொத்தம் 18 மைக்ரான் அகலத்துக்குள் விழும். உங்களுக்குக் கிடைத்திருக்கும் இடம் 21 மைக்ரான். நெருக்கம்தான், ஆனால் அடங்கிவிடும்.

இப்போது ஒரு ஜாப் தற்செயலாக 5 மைக்ரான் கூட வருகிறது. ஆபரேட்டர் 5 மைக்ரான் குறைக்கிறார். அடுத்தது தற்செயலாக 4 குறைவாக வரவேண்டிய ஜாப். ஏற்கனவே குறைத்த 5-உம் சேர்ந்து 9 குறைவாக வருகிறது. பதறிப்போய் 9 கூட்டுகிறார். முந்தைய ஜாப்பின் ஆட்டத்தை இந்த ஜாப்பின் தலையில் கட்டுவதுதான் இது. ஒவ்வொரு முறையும் முழு விலகலையும் திருத்தினால் ஆட்டம் 1.41 மடங்காகும். 3 மைக்ரான் 4.2 ஆகிவிடும், 18 மைக்ரான் அகலம் ஏறக்குறைய 25 ஆகிவிடும். 21-க்குள் அது அடங்காது. சும்மா விட்டிருந்தால் தேறியிருக்கும் ஜாப்பைக் கவனம்தான் கெடுக்கிறது.

அப்படியானால் எப்போது தொடுவது? அரை மணிக்கு ஒருமுறை, தொடர்ந்து வரும் 5 ஜாப்பை எடுத்து அளந்து, சராசரியையும், பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தையும் ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். 25 தடவை எடுத்ததும் எல்லா வித்தியாசங்களுக்கும் சராசரி காணுங்கள். அது 7 மைக்ரான் என்றால் அதை 0.577-ஆல் பெருக்குங்கள், சுமார் 4 வரும். மொத்தச் சராசரி 24.990 என்றால், 24.986-இலும் 24.994-இலும் கோடு போடுங்கள். வித்தியாசத்துக்கான மேல்கோடு 7-ஐ 2.114-ஆல் பெருக்கி வருவது, ஏறக்குறைய 15 மைக்ரான். இந்த 0.577-உம் 2.114-உம் ஐந்தைந்தாக எடுப்பதற்கு மட்டுமே பொருந்தும். நான்காகவோ ஆறாகவோ எடுத்தால் எண்கள் வேறு.

ஐந்தின் சராசரி கோட்டுக்குள் இருக்கும்வரை ஆஃப்செட்டில் கைவைக்கக் கூடாது. கோட்டைத் தாண்டினாலோ, தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தாலோ ஏதோ மாறியிருக்கிறது. அப்போது, கடைசி ஜாப்பைப் பார்க்காமல், ஐந்தின் சராசரி எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவைத் திருத்துங்கள். வித்தியாசத்தின் கோடு தாண்டினால் ஆஃப்செட்டைத் தொட்டுப் பயனில்லை. சக் பிடிப்பு, இன்சர்ட் ஸ்க்ரூ, லைவ் சென்டர், ஜாப் வெளியே நீண்டிருக்கும் நீளம் என்று தேட வேண்டும்.

பலர் செய்யும் தப்பு, சராசரித் தாளில் டிராயிங் அளவையே கோடாகப் போடுவது. தனி ஜாப்பைவிட ஐந்தின் சராசரி குறைவாகவே ஆடும். அதற்கு டிராயிங் அளவைக் கோடாகப் போட்டால், பாதி ஜாப் கெட்டுப்போன பிறகும் தாள் ‘எல்லாம் நலம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்சர்ட் தேய்மானம் தனிக் கணக்கு. நுனி தேயத் தேய வெளிவிட்டம் ஒரே திசையில் கூடும். இது தற்செயல் கிடையாது, எதிர்பார்க்கக்கூடியது. எத்தனை ஜாப்புக்கு எத்தனை மைக்ரான் ஏறுகிறது என்று உங்கள் தாளே காட்டிவிடும். 40 ஜாப்புக்கு 4 மைக்ரான் என்றால், 40-க்கு ஒருமுறை 4 குறைப்பது என்று எழுதி மெஷினில் ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று. சூட்டோடு அளக்காதீர்கள். இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறக்குறைய 11.5 மைக்ரான் விரியும். 25 மி.மீ. ஷாஃப்ட் 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் கிட்டத்தட்ட 6 மைக்ரான் பெரிதாகத் தெரியும். உங்கள் டாலரன்ஸில் கால் பங்குக்கு மேல் அங்கேயே போய்விட்டது. காலையில் மெஷினை 15, 20 நிமிடம் சும்மா ஓடவிட்டு அதன் பிறகு முதல் ஜாப்பைப் போடுவதும் இதற்காகத்தான்.

இத்தனையும் செய்தாலும், கஸ்டமர் சிபிகே (டாலரன்ஸுக்குள் ஆட்டம் எவ்வளவு தாராளமாக அடங்குகிறது என்பதற்கான எண்) 1.33 கேட்டால் 3 மைக்ரான் ஆட்டம் போதாது. நடு அளவு சரியாக மையத்தில் நின்றாலும் டாலரன்ஸில் பாதியான 10.5-ஐ, ஆட்டத்தின் மூன்று மடங்கான 9-ஆல் வகுக்க 1.17-தான் வரும். ஆட்டத்தை 2.6-க்குக் கொண்டுவர வேண்டும். ஆஃப்செட்டால் அது நடக்காது. சாஃப்ட் ஜாவை (சக்கில் ஜாப்பைப் பிடிக்கும் மென்மையான தாடையை) புதிதாக போர் செய்வதில் தொடங்குங்கள்.

நாங்கள் மைக்ரோமீட்டரில் அளந்து ஓகே போட்டு அனுப்பும் ஷாஃப்ட், கஸ்டமரின் ரிங் கேஜில் நுழையவில்லை என்று திரும்பி வருகிறது. எங்கள் மைக்ரோமீட்டர் காலிபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.
– வாசகர், ஓசூர்

காலிபரேஷன் சர்டிபிகேட் கருவியைப் பற்றித்தான் சொல்லும். அதைப் பிடிக்கும் கையையும், அளக்கப்படும் ஜாப்பின் வடிவத்தையும் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது.

முதலில் வடிவத்தைப் பாருங்கள். மூன்று ஜா சக்கில் இறுக்கிப் பிடித்து மெலிந்த சுவருள்ள ஜாப்பைக் கடைந்தால், கழற்றியதும் அது மூன்று மேடுள்ள உருண்டையாக மாறிவிடும். மைக்ரோமீட்டர் எதிரெதிரான இரண்டு புள்ளிகளை மட்டும் தொடுகிறது. ஒரு மேட்டுக்கு நேர் எதிரே ஒரு பள்ளம் அமைந்திருப்பதால், எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் ஒரே விட்டம்தான் காட்டும். ரிங் கேஜ் சுற்றிலும் தொடுவதால் மேட்டில் முட்டி நிற்கும். சோதிக்க ஒரு வி பிளாக்கும் டயல் கேஜும் போதும். ஜாப்பை வி பிளாக்கில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு சுற்றில் முள் மூன்று முறை ஏறி இறங்கினால் குற்றவாளி சக்தான். பிடி அழுத்தத்தைக் குறைத்து, ஜாப்பைச் சுற்றி அதிகம் தழுவும் சாஃப்ட் ஜா போட்டுப் பாருங்கள். ஷாஃப்ட் முழுக் கம்பியாக இருந்தால் இந்தச் சந்தேகம் குறைவு. பக்கெட் அல்லது புஷ் மாதிரி உள்ளே குடைந்தது என்றால் மிக அதிகம்.

வடிவம் சரியென்றால் அடுத்தது கருவியும் கையும். 0.01 மி.மீ. லீஸ்ட் கவுண்ட் (காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) உள்ள மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு 20 மைக்ரான் டாலரன்ஸை ஆளமுடியாது. டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையாவது கருவி காட்ட வேண்டும். இங்கே தேவை 0.001 காட்டும் கருவி.

பிறகு இதைச் செய்யுங்கள்: 10 ஜாப், 3 ஆள், ஒவ்வொருவரும் 3 முறை, ஆக 90 அளவு. ஜாப்பின் எண் அளப்பவருக்குத் தெரியக்கூடாது. முதல் சுற்றில் வந்த எண்ணை நினைவில் வைத்து அதையே சொல்லிவிடுவார்கள். பத்து ஜாப்பையும் தொடர்ச்சியாக எடுக்காமல், வெவ்வேறு ஷிஃப்டிலிருந்து பொறுக்குங்கள். அளவீட்டால் வரும் ஆட்டம் மொத்த ஆட்டத்தில் 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது. 10 முதல் 30 வரை ஜாப்பின் முக்கியத்துவத்தைப் பொறுத்து ஏற்கலாம். 30-க்கு மேல் போனால் அந்த அளவை நம்பி ஜாப்பை ஒதுக்குவதும் வீண், அனுப்புவதும் வீண்.

மூன்று பேருக்கும் அளவு வேறுபட்டால் பெரும்பாலும் காரணம் இவைதான்: ராட்செட்டை விட்டுவிட்டு திம்பிளையே பிடித்துத் திருகுவது, முகப்பைத் துடைக்காமல் அளப்பது, காலையில் ஜீரோ பார்க்காதது. ஒரே ஆளுக்கே மூன்று முறையும் மூன்று அளவு வந்தால் கருவியையோ ஜாப்பின் மேற்பரப்பையோ சந்தேகப்படலாம்.

3,000 டி-ஷர்ட் ஆர்டர். கடைசிச் செக்கிங்கில் ஒரு பீஸ் விடாமல் பார்த்துத்தான் பேக் செய்தோம். பையர் இன்ஸ்பெக்‌ஷனில் ஏகியூஎல் (ஏற்கத்தக்க தர அளவு) 2.5-இல் ஃபெயில். இதே செக்கர்கள், இதே லைன், போன இரண்டு ஆர்டரும் பாஸ். இந்த முறை மட்டும் எப்படி?
– வாசகி, திருப்பூர்

இந்த முறைதான் தரம் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். போன இரண்டு ஆர்டரும் இதே தரத்தில் இருந்திருக்கலாம்.

3,000 பீஸ் லாட்டுக்கு வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனையில் 125 பீஸ் எடுப்பார்கள். பெரிய குறை 7 வரை இருந்தால் பாஸ், 8 என்றால் ஃபெயில். 2.5 என்ற எண்ணைப் பார்த்து ‘நூற்றுக்கு இரண்டரை கெட்டது போனால் பரவாயில்லை’ என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. உங்கள் லாட்டில் உண்மையில் 2.5 சதவீதம் கெட்டிருந்தால் 100-க்கு 98 முறை தேறும். 5 சதவீதம் கெட்டிருந்தால் 10-க்கு ஏறக்குறைய 7 முறை தேறும். 10 சதவீதம் என்றால் 100-க்கு 7 முறைதான்.

நடுவில் உள்ள அந்த 5 சதவீதத்தைப் பாருங்கள். இரண்டு ஆர்டர் பாஸ், மூன்றாவது ஃபெயில் என்பது அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. பாஸ் ஆனபோது அதிர்ஷ்டம் துணை நின்றிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் இந்த லாட்டை ரீசெக் செய்து அனுப்பிவிட்டு விட்டால், நான்காவதும் ஐந்தாவதும் மறுபடி சீட்டுக் குலுக்கல்தான்.

ஒரு பீஸ் விடாமல் பார்த்தும் எப்படித் தப்பியது? முந்நூறாவது டி-ஷர்ட்டில் கண் பார்க்கும், மனம் பார்க்காது. இரண்டு செக்கரை அடுத்தடுத்து உட்கார வைத்தால் இன்னும் மோசம். முதல் ஆள் ‘பின்னால் ஒருத்தி இருக்கிறாள்’ என்றும், இரண்டாவது ஆள் ‘முன்னாலேயே பார்த்துவிட்டாள்’ என்றும் விட்டுவிடுவார்கள்.

குறையைத் தையல் நடக்கும் இடத்திலேயே எண்ணுங்கள். லைனில் சுற்றும் செக்கர் ஒவ்வொரு டெய்லரின் பண்டிலிலிருந்தும் 7 பீஸ் உருவிப் பார்க்கட்டும். குறையே இல்லையென்றால் மெஷினில் பச்சை அட்டை. குறை கண்டால் சிவப்பு. அந்தப் பண்டில் முழுவதையும் பார்த்து, காரணம் தெரிந்த பிறகே அடுத்த பண்டில் நகரும். 100 பீஸுக்கு எத்தனை குறை என்ற கணக்கை ஆபரேஷன்வாரியாகப் போடுங்கள். 400 பீஸ் பார்த்து 36 குறை என்றால் 9. ஒரே டி-ஷர்ட்டில் இரண்டு குறை இருந்தால் இரண்டாகவே எண்ண வேண்டும். ஒரு வாரம் எண்ணினாலே, மொத்தக் குறையில் பாதிக்கு மேல் இரண்டு மூன்று ஆபரேஷனிலிருந்து வருவது தெரியும். பெரும்பாலும் ஓவர்லாக்கில் தோள், பேட்லாக்கில் அடிமடிப்பு.

ஸ்டிச் விட்டுப் போனால் லூப்பர் டைமிங்கைத் தொடுவதற்கு முன் ஊசியை மாற்றுங்கள். ஊசி கையிலேயே இருக்கும், டைமிங்குக்கு மெக்கானிக் வேண்டும். தையல் ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டை வந்தால் ஊசி முனை மழுங்கி நூலை அறுக்கிறது. சிங்கிள் ஜெர்சிக்கு 9 அல்லது 11 நம்பர் பால் பாயின்ட் ஊசி சரியாக இருக்கும். இந்த ஓட்டை செக்கிங் டேபிளில் கண்ணுக்குத் தெரியாது, துவைத்த பிறகுதான் விரியும். அதனால் பல்க் ஓடுவதற்கு முன் ஒரு பீஸைத் தைத்து, துவைத்து, தையலை இழுத்துப் பாருங்கள்.

அளவுக் குறைதான் அதிகம் என்றால் தையல் லைனை விட்டுவிட்டு கட்டிங்குக்குப் போங்கள். காம்பாக்டிங்கிலிருந்து (துணியை முன்கூட்டியே சுருக்கும் வேலையிலிருந்து) ரோலாக வந்த துணி இழுபட்டே இருக்கும். 24 மணி நேரம் பிரித்துத் தளர விடாமல் கட் செய்தால், கட் ஆன பிறகு அது சுருங்கிக்கொள்ளும். லேயர் போடுகிறவர் இழுத்துப் போட்டாலும் இதேதான். ஜிஎஸ்எம்மையும் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) ரோலுக்கு ரோல் பாருங்கள். வட்டக் கட்டர் வெட்டுவது 100 சதுர செ.மீ., அந்தத் துண்டின் எடையைக் கிராமில் எடுத்து 100-ஆல் பெருக்கினால் போதும்.

பிரஸ் ஷாப்பில் ஒரு டை (தகட்டை வெட்டி வடிவம் தரும் அச்சு) மாற்ற இரண்டு மணி நேரம் ஆகிறது. அதனால் ஒருமுறை மாட்டினால் ஒரு மாதத்துக்கான உருப்படியை அடித்துவிடுகிறோம். இதில் தரத்துக்கு என்ன கெடுதல்?
– வாசகர், அம்பத்தூர்

பர் (வெட்டு விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு) வந்திருப்பது அடுத்த மாதம் வெல்டிங்கில் தெரியவரும்போது, அதே பர்ரோடு ஒரு மாத ஸ்டாக் ரேக்கில் இருக்கும். அதுதான் கெடுதல்.

டொயோட்டாவில் 1969-இல் 1,000 டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற 4 மணி நேரம் ஆனது. ஷிகேயோ ஷிங்கோ என்ற ஜப்பானியத் தொழில்துறைப் பொறியாளரும் அங்கிருந்தவர்களும் அதை முதலில் ஒன்றரை மணிக்கும், பிறகு 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தார்கள். மந்திரம் எதுவும் இல்லை. பிரஸ் நின்ற பிறகு செய்ய வேண்டிய வேலை எது, ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்தார்கள்.

ஒரு டை மாற்றத்தை முழுவதும் செல்போனில் வீடியோ எடுத்து, மாற்றியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். ஸ்பேனர் தேடுவது, டையைக் கொண்டுவருவது, போல்ட் சரியான நீளம் கிடைக்காமல் அலைவது என்று நிறைய நேரம் பிரஸ் நின்ற பிறகே கழிந்திருக்கும். அடுத்த டை, கிளாம்ப், போல்ட் எல்லாம் ஒரு டிராலியில் முன்னாலேயே பிரஸ் பக்கத்தில் நிற்கட்டும். எல்லா போல்ட்டையும் ஒரே தலை அளவுக்கு மாற்றுங்கள், ஒரு ஸ்பேனர் போதும். கடைசியாக, மிச்ச நேரத்தை விழுங்குவது ஷட் ஹைட் (ராம் கீழே இறங்கி நிற்கும்போது டைக்குக் கிடைக்கும் உயரம்) சரிசெய்வது. எல்லா டைக்கும் அடியில் பேரலல் பிளாக் போட்டு உயரத்தைச் சமமாக்கிவிட்டால் ராமை ஏற்றி இறக்கி, ட்ரையல் அடித்து, மறுபடி ஏற்றும் வேலையே இல்லை.

டெமிங் பரிசு (தர மேலாண்மைக்கான விருது) ஜப்பான் கம்பெனிகளுக்கு மட்டும்தானே?
– வாசகர், மதுரை

இல்லை. ஜப்பானில் 1951-இல் தொடங்கியது என்றாலும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் பெறலாம். இந்தியாவில் முதலில் வாங்கியது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு, 1998-இல். டிவிஎஸ் மோட்டார் 2002-இல் வாங்கியது.

5எஸ் (பட்டறையை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கும் முறை) போட்டோம். தரையெல்லாம் மஞ்சள் கோடு. ஆறு மாதத்தில் கோட்டின் மேலேயே பின் (உருப்படி போடும் பெட்டி) அடுக்கிவிட்டார்கள்.
– வாசகர், திருச்சி

பின்னுக்கு இடம் போதவில்லை என்று அர்த்தம். கோட்டை மறுபடி வரையாமல், இரண்டு மெஷினுக்கு நடுவே ஏன் அவ்வளவு பின் தேங்குகிறது என்று பாருங்கள்.

மோனோபிளாக் பம்ப் அசெம்பிளியில் ஓ-ரிங் போட மறந்துவிடுகிறார்கள். டெஸ்டிங்கில் லீக் ஆகும்போதுதான் தெரிகிறது. எச்சரித்தாகிவிட்டது, நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, ‘ஆபரேட்டர் கவனக்குறைவு, அறிவுறுத்தப்பட்டது’ என்று ரிப்போர்ட்டும் எழுதியாகிவிட்டது. ஆலோசனைப் பெட்டி வைத்தால் அதில் பிஸ்கட் கவர்தான் விழுகிறது.
– வாசகர், பீளமேடு, கோவை

1961-இல் யமாடா எலெக்ட்ரிக் என்ற ஜப்பான் கம்பெனியில் ஏறக்குறைய இதே பிரச்சினை. ஒரு சின்ன சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். அவ்வப்போது ஒன்றை மறந்துவிடுவார்கள். அங்கேயும் எச்சரித்துப் பார்த்திருந்தார்கள். ஷிங்கோ சொன்ன மாற்றம் இவ்வளவுதான்: ஸ்பிரிங் பெட்டியிலிருந்து முதலில் இரண்டை எடுத்து ஒரு சின்னத் தட்டில் வை, பிறகு அசெம்பிள் செய். சுவிட்சை மூடும்போது தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் மறந்தது அங்கேயே தெரிந்துவிடும்.

உங்களுக்கும் அதே தட்டு போதும். ஒரு பம்புக்கு வேண்டிய ஓ-ரிங், மெக்கானிக்கல் சீல், இம்பெல்லர் கீ, போல்ட்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி வெட்டிய பலகை. ஸ்டோரிலிருந்தே ஒரு பம்புக்கு ஒரு பலகையாக நிரப்பி வரட்டும். ஓ-ரிங் கறுப்பு என்பதால் குழியின் அடியை வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். கேசிங் மூடியதும் பலகை காலியாக இருக்க வேண்டும்; அப்போதுதான் அடுத்த பலகை கைக்கு வரும். ஒரு மூட்டையிலிருந்து ஓ-ரிங்கை அள்ளி எடுக்கும் பழக்கம் இருக்கும்வரை எந்த நோட்டீஸும் உதவாது. ஸ்டோரில் நிரப்பும்போதே ஒன்று விட்டுப் போனாலும் காலிக் குழி பளிச்சென்று தெரியும்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். ஓ-ரிங் போடாமல் விடுவதும், போட்டதைக் கேசிங் மூடும்போது நசுக்கி வெட்டிவிடுவதும் டெஸ்டிங்கில் ஒரே மாதிரிதான் லீக் ஆகும். லீக் ஆன பம்பைத் திறந்து எது என்று பத்துப் பம்புக்காவது எழுதுங்கள். வெட்டுப்பட்டிருந்தால் பலகையால் பயனில்லை. கேசிங் விளிம்பில் சரிவு இல்லாமல் கூராக இருக்கும், அல்லது கிரீஸ் தடவாமல் மாட்டுகிறார்கள்.

ரிப்போர்ட்டில் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லையே தடை செய்யலாம். அந்தச் சொல்லை எழுதியதும் ‘ஏன்’ என்று கேட்பது நின்றுவிடுகிறது.

பெட்டியில் பிஸ்கட் கவர் விழுவதற்குக் காரணம், முன்னால் போட்ட சீட்டுக்குப் பதில் வராததுதான். பூட்டை எடுத்துவிட்டு, கேண்டீன் வாசலில் ஒரு போர்டு வையுங்கள். சொன்னவர் பெயர், சொன்ன விஷயம், யார் செய்வார், எந்தத் தேதிக்குள். மூன்று நாளுக்குள் ஏதாவது ஒரு பதில் எழுதியாக வேண்டும், முடியாது என்றாலும் ஏன் என்று ஒரு வரி. 500 ரூபாய்க்குள் முடிகிற காரியத்துக்கு மேனேஜர் கையெழுத்து கேட்காதீர்கள், ஃபோர்மேனே செய்யட்டும். ஒரு ஆலோசனைக்கு இத்தனை ரூபாய் என்று பரிசு அறிவித்தால் ‘மின்விசிறி வேண்டும்’ என்பதையே ஏழு பேர் எழுதுவார்கள். முதல் போர்டில் முதல் வரியாக ஓ-ரிங் பலகையை எழுதுங்கள். குழி எந்த வரிசையில் இருந்தால் கைக்கு வசதி என்று அசெம்பிளி பெஞ்சில் நிற்பவரையே கேட்டு, அவர் பெயரையே போடுங்கள்.